நாற்றங்காலுக்குத் தண்ணி விட்டவங்க

செமினரி என்ற சொல்லுக்கு நேரான அர்த்தம் நாற்றங்கால். லத்தீன் மொழியில் 'செமென்' என்றால் விதை. 'செமினாரியம்' என்றால் விதை போட்டு நாற்று வளர்க்கிற இடம். கத்தோலிக்கச் சாமியார்களுக்குப் படிப்பு சொல்லித்தர மறைமாவட்டத்துக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று 1563-இல் திரெந்து பொதுச்சங்கம் முடிவு செய்தபோது, அதற்கு இந்த விவசாயச் சொல்லைத்தான் எடுத்துக்கிட்டாங்க. தமிழில் நாம் 'குருமடம்' என்று சொல்கிறோம். அந்தச் சொல்லில் மண் வாசனை போயிடுச்சு. நாற்றங்கால் என்றே விட்டிருந்தால் எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரே வார்த்தையில் புரிஞ்சிருக்கும்.

நகரத்துல இருந்து படிக்கிறவங்களுக்காக நாற்றங்கால் பற்றி இரண்டு வரி. ஒரு ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் இடத்தில் நாற்று விடுவோம். விதையை ஊற வைத்து, சாக்கில் கட்டி முளை வந்ததும், சேறு கலக்கிச் சமன் செய்த இடத்தில் தூவுவோம். முதல் சில நாள் தண்ணீரை வைக்கவும் வேண்டும், வடிக்கவும் வேண்டும். கொஞ்சம் அதிகமானால் அழுகும், குறைந்தால் வெடிக்கும். இருபத்தைந்து நாளில் பறித்து முடி கட்டி நடுவோம். பறிக்கிறது, கட்டுறது, நடுறது எல்லாம் எங்க பக்கம் பொம்பளைங்க வேலை. அறுவடை முடிஞ்சு மூட்டை ஏறும்போது மட்டும் ரசீது ஆம்பளை பேர்ல வரும்.

குருமடத்துக் கதையும் ஏறக்குறைய அப்படித்தான். ப்ளஸ் டூ முடித்த பையன் உள்ளே போனால் வெளியே வர பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். தத்துவம் படிக்கணும், இறையியல் படிக்கணும், நடுவில் ஏதாவது பங்கில் களப்பணி செய்யணும். அதுவரைக்கும் அவருக்குப் பேர் 'பிரதர்'. குருப்பட்டம் வாங்கிய அன்று 'ஃபாதர்', எங்க ஆயா காலத்துச் சொல்லில் 'சாமி'. பட்டம் கொடுத்த ஆயர் யார், படித்த குருமடம் எது என்று அழைப்பிதழில் இருக்கும். அத்தனை வருஷமும் சாயந்திரம் செபமாலை முடித்தபிறகு "நம்ம பிரதருங்களுக்காக ஒரு அருள்நிறை" என்று சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் பற்றி எங்கேயும் இருக்காது. இந்தப் பதிவு அவங்களைப் பற்றி.

ஒரு அம்மா, ஒரு மகள், ஒரு கடிதம்

வடக்கு பிரான்சில் நார்மண்டி பகுதியில் கான் என்று ஒரு ஊர். சினிமா விழா நடக்கிற கான் வேறு, அது தெற்கே கடலோரம். இந்தக் கானில் ஸ்டெஃபனி பிகார் என்ற விதவையும், 1859-இல் பிறந்த அவர் மகள் ழான் பிகாரும் வாழ்ந்தார்கள். மகள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கன்னியர் மடத்திலும் சேரவில்லை. கையில் குடும்பச் சொத்து இருந்தது. ஜப்பானில் வேலை செய்த பிரெஞ்சு மிஷனரிகளோடு கடிதத் தொடர்பு இருந்தது. கியோட்டோ நகரில் சவேரியார் பெயரில் ஒரு கோயில் கட்டப் பணமும் அனுப்பினார்கள்.

1889-இல் நாகசாகியின் ஆயர் ழூல் அல்ஃபோன்ஸ் கூசான் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். குருமடத்தில் சேர ஜப்பானியப் பையன்கள் வருகிறார்கள், சோறு போடப் பணமில்லை, திருப்பி அனுப்ப வேண்டிய நிலை என்பதுதான் அதன் சாரம்.

இந்தக் கடிதத்தின் கனம் புரிய நாகசாகியின் பின்கதை தெரியணும். ஜப்பானில் கிறிஸ்தவம் தடை செய்யப்பட்டு, வெளிநாட்டுச் சாமியார்கள் துரத்தப்பட்டு, இருநூறு வருஷத்துக்கும் மேல் அங்கிருந்த விசுவாசிகள் ஒரு குரு கூட இல்லாமல் ஒளிந்து வாழ்ந்தார்கள். வீட்டுப் பெரியவர்களே குழந்தைகளுக்குத் திருமுழுக்கு கொடுத்தார்கள். செபங்களை வாய்வழியாகச் சொல்லிக் கொடுத்தார்கள். 1865-இல் நாகசாகியில் புதிதாகக் கட்டிய ஓவுரா கோயிலுக்கு அவர்களில் சிலர் வந்து தங்களை வெளிப்படுத்திக்கொண்டார்கள். மாதா சுரூபம் எங்கே என்று அங்கிருந்த பிரெஞ்சுச் சாமியாரிடம் மெதுவாகக் கேட்டது ஒரு பெண். வெளியிலிருந்து வந்த குருக்களை மட்டும் நம்பியிருந்தால் ஒரு அரசாணையில் எல்லாம் அறுந்துபோகும் என்பதை அந்த ஊர் அனுபவத்தில் கற்றிருந்தது. அதனால்தான் உள்ளூர்ப் பையன்களைத் திருப்பி அனுப்புவது அந்த ஆயருக்கு அவ்வளவு வலித்திருக்கிறது. நாற்றை விலைக்கு வாங்கி நடுறவன் அந்தப் போகம் மட்டும்தான் நடுவான். சொந்தமா விதை வெச்சிருக்கறவன்தான் அடுத்த போகத்தைப் பற்றி யோசிப்பான்.

அந்த வருஷமே அம்மாவும் மகளும் தொடங்கியதுதான் 'புனித பேதுரு திருத்தூதர் சபை'. மிஷன் நாடுகளில் உள்ளூர்க் குருக்களை உருவாக்குவது ஒன்றே அதன் நோக்கம். வழிமுறை எளிமையானது. முதலில் செபம். அடுத்தது ஒரு குருமாணவனின் செலவை ஒரு குடும்பமோ ஒரு குழுவோ ஏற்றுக்கொள்வது. அப்புறம் கைவேலை, அதாவது பூசை உடுப்பும் பீடத்துணியும் தைத்து அனுப்புவது. யாருக்காகச் செலவு செய்கிறார்களோ அந்தப் பையனுக்காகச் செபிக்கவும் வேண்டும். பணமும் செபமும் ஒரே கணக்கு.

பொம்பளைங்க இரண்டு பேர் ஆயர்களுக்குக் கடிதம் எழுதி, ஊர் ஊராகப் போய் ஆதரவு கேட்டால் அந்தக் காலத்தில் எப்படி வரவேற்பு இருந்திருக்கும்? பிரான்சில் சட்ட அங்கீகாரம் கிடைப்பதில் சிக்கல் வந்தது. தலைமையிடத்தை சுவிட்சர்லாந்தின் ஃபிரிபூர் நகருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1903-இல் ஸ்டெஃபனி இறந்தார். அடுத்த வருஷமே பொறுப்பு மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள் கைக்குப் போனது. 1920-இல் சபை ரோமுக்குப் போனது. 1922 மே 3 அன்று பதினோராம் பத்திநாதர் அதைப் பாப்பரசரின் சபைகளில் ஒன்றாக அறிவித்தார். இன்றைக்கும் ஆசியா, ஆப்பிரிக்கா நாடுகளின் குருமடங்களுக்கு, இந்தியாவில் உள்ளவை உட்பட, அந்தச் சபை வழியாக உதவி வருகிறது. இரண்டு பெண்களின் வீட்டுக் கூடத்தில் ஆரம்பித்த வேலை இது.

கண்டியும் நம்ம கரையும்

இதே சமயத்தில் நம்ம பக்கம் என்ன நடந்தது? 1893 ஜூன் 24 அன்று பதின்மூன்றாம் சிங்கராயர் பாப்பரசர் இந்தியாவை மனதில் வைத்து ஒரு சுற்றுமடல் எழுதினார். இந்த நாட்டின் கிறிஸ்தவ எதிர்காலம் இந்த நாட்டுக் குருக்கள் கையில்தான் இருக்கிறது, அதற்குக் குருமடங்கள் வேண்டும் என்பது அதன் கருத்து. அதே வருஷம் இலங்கையில் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் பாப்பரசரின் குருமடம் திறக்கப்பட்டது. முன்னின்று செய்தவர் பாப்பரசரின் தூதுவர் சலேஸ்கி. சொல்லிக்கொடுத்தவர்கள் பெல்ஜியம் நாட்டு இயேசு சபையினர். இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் பையன்கள் கடல் தாண்டி அங்கே படிக்கப் போனார்கள். 1955-இல் அந்தக் குருமடம் புனே நகருக்கு இடம் மாறியது. கண்டிக் கட்டடம் இலங்கையின் தேசிய குருமடமானது.

தூத்துக்குடி 1923-இல் தனி மறைமாவட்டமானபோது அதன் முதல் ஆயர் இந்தியரான திபூர்சியுஸ் ரோச். கோவாவிலிருந்து சாந்தோம் வரை போர்ச்சுகீசியர் வந்து நானூறு வருஷம் கழித்து! குருக்களே குறைவாக இருந்த இடத்தில் ஆயர் எங்கிருந்து வருவார்? நாற்று இல்லாமல் நடவு கிடையாது.

லூ என்ற கிராமமும் பூந்தமல்லியும்

இன்னொரு கிராமத்தையும் சொல்லணும். இத்தாலியின் வடக்கே, பியத்மான் பகுதியில் லூ என்று ஒரு ஊர். சில ஆயிரம் பேர் வாழ்ந்த விவசாய ஊர்தான். 1881-இல் அந்த ஊர்த் தாய்மார்கள் ஒரு முடிவு எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் நற்கருணை ஆராதனைக்குக் கூடினார்கள். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கி, தங்கள் பிள்ளைகளில் ஒருவராவது குருவாகவோ கன்னியராகவோ ஆக வேண்டும் என்று வேண்டினார்கள். அந்த ஊரிலிருந்து இறைப்பணிக்குப் போனவர்கள் 323 பேர் என்று கணக்கு சொல்கிறார்கள். ஆண்கள் 152, பெண்கள் 171. 2007-இல் குருக்களுக்கான ரோமைப் பேராயம் வெளியிட்ட சிறு நூலில் இந்தக் கதை வந்தபிறகு உலகம் முழுக்கப் பங்குகளில் இதைச் சொல்லி, தாய்மார்களைச் செபத்துக்குக் கூப்பிடுகிறார்கள்.

விவசாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. யாராவது ஏக்கருக்கு ஐம்பது மூட்டை எடுத்தேன் என்று சொன்னால், மண் என்ன, தண்ணி என்ன, எந்தப் பட்டம் என்று கேட்பான். இந்த 323-ஐயும் அப்படித்தான் பார்க்கணும். அந்தக் காலத்து இத்தாலியக் கிராமங்களில் வீட்டுக்கு ஆறேழு பிள்ளைகள். படிக்க வழி குறைவு. தொன்போஸ்கோ தொடங்கிய சலேசிய சபை அதே பியத்மானில்தான் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது, பையன்களைத் தேடிக்கொண்டும் இருந்தது. செபத்தோடு இதெல்லாமும் சேர்ந்துதான் விளைச்சல். ஆனால் பக்கத்து ஊர்களிலும் இதே மண், இதே தண்ணிதானே? அங்கேயும் பிள்ளைகள் இருந்தார்களே? லூவை வேறாக்கியது, அந்தத் தாய்மார்கள் கூடி உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மா தினமும் எதற்காக முழங்கால் போடுகிறாள் என்று பார்த்து வளர்கிற பிள்ளைக்கு, அது நடக்கக்கூடிய காரியம் என்று தெரிந்துவிடுகிறது.

லூவுக்கும் சென்னைக்கும் ஒரு நூல் இருக்கு. தொன்போஸ்கோவுக்குப் பின் சலேசிய சபையின் தலைவர்களில் ஒருவரான பிலிப் ரினால்டி அந்த ஊரில் பிறந்தவர். 1881-க்கு முன்பே சபையில் சேர்ந்தவர் என்பதால், அவரைத் தாய்மார்களின் செபக்கணக்கில் எழுதுவது நியாயமில்லை. ஆனால் அவர் தலைவராக இருந்த 1922 முதல் 1931 வரையிலான காலத்தில்தான், 1928-இல், சென்னை உயர்மறைமாவட்டம் சலேசியர் பொறுப்புக்கு வந்தது. சலேசியரான மெதர்லே பேராயரானார். அவருக்குப் பின் வந்த லூயி மத்தியாஸ் காலத்தில் 1936-இல் பூந்தமல்லியில் திரு இருதயக் குருமடம் தொடங்கியது. 1952-இல் சென்னையும் மயிலையும் ஒன்றாகி, சாந்தோம் கோயில் பேராலயமானது. எங்க செங்கல்பட்டுப் பக்கம் 2002-இல் தனி மறைமாவட்டமாகப் பிரிகிற வரைக்கும், 'ஆண்டகை' என்றால் எங்களுக்கு சாந்தோம் ஆண்டகைதான். 'பிரதர்' என்றால் பூந்தமல்லிப் பிரதர்தான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு சமையலறை

தூயமல்லி, சீரகச்சம்பா அரிசியை நேரடியாக வாங்குகிற வீடுகள் எனக்கு சென்னையில் கொஞ்சம் உண்டு. ராஜா அண்ணாமலைபுரத்தில் லாசரஸ் சர்ச் ரோடு பக்கம் நாலு வீடு. செட்டிநாட்டு ராஜா பேரில் ஒரு பேட்டை, அதில் லாசர் பேரில் ஒரு தெரு, நடந்து போகிற தூரத்தில் கபாலீசுவரர். மயிலாப்பூர்ப் பக்கத்தின் அழகே இதுதான்.

அதில் ஒரு வீட்டு அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். அரிசி டப்பா வைக்கிற அலமாரிக் கதவின் உள்பக்கம் நாலு பையன்களின் சின்ன போட்டோ ஒட்டியிருந்தது. பேரனுங்களா என்று கேட்டேன்.

"இல்லப்பா, பிரதர்ஸ். ஒவ்வொரு வாரம் ஒருத்தர். அரிசி எடுக்கக் கதவைத் திறக்கிறேன் இல்ல, அப்போ அவங்க பேரைச் சொல்லி ஒரு அருள்நிறை. எப்படியும் தினம் சோறு வடிக்கணுமே, மறக்காது."

"அவங்களுக்குத் தெரியுமாம்மா?"

"எதுக்குத் தெரியணும்? தெரிஞ்சா கடன்பட்ட மாதிரி ஆயிடும். பாவம், சின்னப் பசங்க."

அவர் மரியாயின் சேனையில் இருந்தவராம். இப்போது முழங்கால் போட முடியாது, கோயிலுக்குப் படி ஏறவும் சிரமம். அதனால் சமையலறையிலேயே. இதே வழக்கம் எங்க ஊரிலும் வேறு உருவத்தில் உண்டு. உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். அது கோயிலுக்கோ, பட்டம் வாங்கப் போகிற பையனின் விருந்துக்கோ போகும். ஆறாம் பவுல் பாப்பரசர் 1964-இல் இறை அழைத்தலுக்கான உலக செப நாளை ஏற்படுத்தினார். இப்போது அது பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு. அது வருஷத்துக்கு ஒரு நாள். பானையும் அலமாரியும் தினமும் திறக்கிறது.

செபித்தவர்களுக்கு என்ன கிடைத்தது?

இங்கேதான் கதை கொஞ்சம் கனமாகிறது. கான் நகரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் லிசியே. நம்ம ஊர்க் கோயில்களில் ரோசாப்பூ ஏந்தி நிற்கும் குழந்தை தெரசம்மாள் வாழ்ந்த ஊர். அவர் மடத்துக் கன்னியர், பொதுநிலைப் பெண் அல்ல. ஆனால் 1895-இல் ஒரு குருமாணவர் அந்த மடத்துக்கு எழுதி, தனக்காகச் செபிக்க ஒரு சகோதரியை ஒதுக்கித் தரும்படி கேட்டார். பேர் மொரீஸ் பெலியேர். ராணுவச் சேவைக்குப் போக வேண்டியிருந்தது, மனம் தடுமாறுகிறது என்ற பயம். தெரசாவை அவருக்கு ஒதுக்கினார்கள். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். தெரசா 1897 செப்டம்பர் 30 அன்று 24 வயதில் இறந்தார். அதற்கு முந்தின நாள்தான் பெலியேர் ஆப்பிரிக்க மிஷனுக்காகப் புறப்பட்டார். 1901-இல் குருவானார். நியாசா ஏரிப் பக்கம், இன்றைய மலாவியில் வேலை செய்தார். உடம்பும் மனமும் கெட்டுத் திரும்பினார். 1907-இல் கான் நகரின் மனநோய் மருத்துவமனையில் 33 வயதில் இறந்தார்.

அதே மருத்துவமனையில்தான் தெரசாவின் அப்பா லூயி மர்த்தேன் 1889 முதல் மூன்று வருஷம் இருந்தார். அதே 1889-இல், அதே ஊரில்தான் பிகார் அம்மாவும் மகளும் தங்கள் வேலையைத் தொடங்கினார்கள். அந்த ழான் பிகாரும் அம்மா போனபிறகு மனநோயில் விழுந்தார். பல வருஷம் அப்படியே இருந்து 1934-இல் இறந்தார். தன் சபை பாப்பரசரின் சபையானபோது அவர் உயிரோடுதான் இருந்தார், நோயாளியாக.

செபம் பண்ணா எல்லாம் நல்லா முடியும் என்று சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு இந்தப் பக்கம்தான் முக்கியமாகப் படுகிறது. தெரசாவும் சரி, பிகாரும் சரி, பலனைக் கண்ணால் பார்த்து செபிக்கவில்லை. பார்க்காமலேதான் செய்தார்கள்.

இதில் நம்ம ஊர்ப் பாடம் ஒன்று இருக்கு. என் சித்தப்பா மகன் ஐந்து வருஷம் குருமடத்தில் இருந்துவிட்டு, இது எனக்கான வழி இல்லை என்று திரும்பி வந்தான். அந்த வருஷம் முழுக்க சித்தி கோயிலில் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தார். செபம் பத்தலையோ என்று ஊர் பேசியது. அவன் இன்றைக்கு நல்ல வாத்தியார். பிள்ளைகள் உயிரை விடுவார்கள் அவனுக்கு. குருமடம் என்பது சோதித்துப் பார்க்கிற இடமும்தான். உள்ளே போன எல்லாரும் பட்டம் வாங்கித்தான் ஆகணும் என்றால், பத்துப் பன்னிரண்டு வருஷம் எதற்கு? நாற்றங்காலில் விட்டதை முழுசும் ஒரே வயலில் நடுகிற விவசாயி எங்கேயும் கிடையாது. மீதி நாற்று அடுத்தவன் வயலுக்குப் போகும், அங்கேயும் அது நெல்தான். பையனுக்காக செபிக்கிற கூட்டம் அவனுக்கு எது நல்லதோ அதற்காகச் செபித்தால், திரும்பி வருகிறவனும் தலை நிமிர்ந்து வருவான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லணும். 'நம்ம பையன்கள்' என்று செபித்தபோது அந்த 'நம்ம'வுக்குள் எல்லாரும் இருந்தார்களா? தமிழ்நாட்டுத் திருச்சபையில் தலித் பிள்ளைகளுக்கு நீண்ட காலம் குருமடக் கதவு எளிதில் திறக்கவில்லை. பிடி அரிசி போட்ட பானைகளில் காலனி வீட்டுப் பானைகளும் இருந்தன. அந்த அரிசியில் படித்தவர்களில் காலனிப் பிள்ளைகள் ரொம்பக் குறைவு. தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினால், ஐதராபாத்தின் அந்தோணி பூலா, வந்தது 2022-இல்தான். காலனித் தாய்மார்கள் எத்தனை தலைமுறை பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் செபித்திருப்பார்கள் என்று நினைத்தால் பதில் சொல்ல வார்த்தை வரவில்லை.

பெண்கள் விஷயமும் அதுதான். கத்தோலிக்கத் திருச்சபையில் பெண் குருவாக முடியாது. தங்களால் போக முடியாத இடத்துக்குப் போகிறவனுக்காக, அவன் யாரென்றே தெரியாமல், தினமும் பேர் சொல்லி நிற்கிறார்கள். இது சரியா தவறா என்று தீர்ப்பு சொல்ல நான் யார். ஆனால் வரலாறு எழுதும்போது நட்டவர்கள் பேரையும் எழுத வேண்டும் என்பது மட்டும் எனக்கு உறுதி.

உங்க பக்கத்துக் கோயிலில் சாயந்திர நேரம் நாலு வயசான அம்மாக்கள் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தால், அவசரமாகக் கடந்து போகாதீங்க. யாருக்காக என்று கேளுங்க. சொல்லுவாங்க. முடிந்தால் எழுதியும் வையுங்க, அவங்க எழுதி வைக்க மாட்டாங்க.

சம்பாப் பட்டத்துக்கு இங்கே விதை ஊற வைத்தாச்சு. நாற்று எப்படி வருதுன்னு அடுத்த பதிவில்.